கப்பல், செக்கு, சன்னது

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த எவனை எழுப்பிக் கேட்டாலும் வ.உ.சி.யைப் பற்றி ரெண்டு விஷயம் சொல்லுவான். ஒண்ணு கப்பல். இன்னொண்ணு செக்கு. கப்பலுக்கு பந்துலு எடுத்த சிவாஜி படம் (1961) இருக்கு. கோயம்புத்தூர் ஜெயில்ல அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு, போய்த் தொட்டே பார்க்கலாம். மூணாவதா ஒண்ணு இருக்கு. அது ஒரு காகிதம். அதுக்கு சிலையும் கிடையாது, மண்டபமும் கிடையாது. அதுதான் அவரோட வக்கீல் சன்னது.

இந்தப் பதிவு அந்தக் காகிதத்தைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாப் போகும். டீ கீ குடிச்சிட்டு உட்காருங்க.

முதல்ல ஊர் நிலவரம். எங்க ஊரு தச்சநல்லூர். மதுரை ரோட்டுல வந்தா ஜங்ஷனுக்கு முன்னாடி. 1994ல மாநகராட்சி ஆனப்போ எங்களையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கிட்டாங்க, இப்போ நாங்க ஒரு மண்டலம். இங்கேருந்து தெற்கே போய், ஜங்ஷன் தாண்டி, 1843ல கட்டின சுலோச்சன முதலியார் பாலத்துல தாமிரபரணியைக் கடந்தா கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். அப்படியே போனா பாளையங்கோட்டை, கோர்ட்டு. பஸ்ல அரை மணி நேரம் கூட ஆகாது. கலெக்டர் ஆபீஸ் ஒரு பக்கம், கோர்ட்டு இன்னொரு பக்கம். இப்போ இது ரெண்டும் வேற வேறன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1908ல அப்படி இல்லை. கதையோட முடிச்சே அங்கதான் இருக்கு.

*

வ.உ.சி. ஓட்டப்பிடாரத்துக்காரர், 1872 செப்டம்பர் 5ல பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். இவர் பிளீடர் பரீட்சை எழுதி ஊர்லயே தொழில் ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல வக்கீல்கள்ல ஜாதி மாதிரி அடுக்கு உண்டு. மேலே சீமைக்குப் போய்ப் படிச்ச பாரிஸ்டர், அடுத்து ஹைகோர்ட் வக்கீல், அதுக்கும் கீழே மாவட்ட, தாலுகா கோர்ட்டுகள்ல வாதாடுற பிளீடர். நம்மாளு அந்தக் கடைசி அடுக்கு. கிரிமினல் கேஸ்கள்ல ஏழைகளுக்காக நின்னு போலீஸோடயும் அதிகாரிகளோடயும் உரசிக்கிட்டே இருந்திருக்கார். உள்ளூர்ல பகை முத்திருமோன்னு பயந்து அப்பா அவரை 1900ல தூத்துக்குடிக்கு அனுப்பி வெச்சார். தூத்துக்குடியில போய் சும்மா இருந்தாரா? 1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மீதி உங்களுக்கே தெரியும்.

நேரா 1908க்கு வரேன். பிப்ரவரி 27ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்றாங்க. பின்னால நிக்கிறது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது பத்து நாள்ல நிர்வாகம் இறங்கி வருது. மார்ச் 9ல விபின் சந்திர பால் ஜெயில்லருந்து வெளியே வர்றதைக் கொண்டாட ஊர்வலம், கூட்டம். அடுத்தது மார்ச் 12. கலெக்டர் விஞ்ச் கூப்பிட்டு அனுப்புறார். வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூணு பேரும் திருநெல்வேலியில கைது.

மறுநாள் மார்ச் 13, ஊரே தீப்பிடிச்சுது. கடை அடைப்பு, மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. நகராட்சி ஆபீஸ், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டுது. துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தாங்க. அப்புறம் அரசாங்கம் தண்டப் போலீஸைக் கொண்டாந்து இறக்கி, அதுக்கான செலவை ஊர்க்காரங்க தலையிலயே வரியாக் கட்டுச்சு. அடிக்கிறதுக்குக் கூலியும் அடி வாங்குறவனே கொடுக்கணும். திருநெல்வேலி எழுச்சின்னு ஆ. இரா. வேங்கடாசலபதி ரொம்ப விரிவா எழுதியிருக்கார், நான் அதுக்குள்ள போகலை.

எனக்கு அரிப்பு வேற இடத்துல. அவங்களை முதல்ல எந்தச் சட்டத்துல பிடிச்சாங்கன்னு பாருங்க. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107, 108. அதாவது, நீ இன்னும் குற்றம் எதுவும் பண்ணினதா நான் சொல்லலை, ஆனா பண்ணிருவே போலிருக்கு, அதனால நல்லபடியா நடந்துக்குவேன்னு ஜாமீன் எழுதிக் கொடு. இதைக் கேட்கிற அதிகாரம் யார்கிட்ட? மாவட்ட மாஜிஸ்திரேட்கிட்ட. மாவட்ட மாஜிஸ்திரேட் யாரு? சாட்சாத் கலெக்டரேதான்.

வரி வசூல் பண்றவர் கலெக்டர். போலீஸ் யார் பேச்சைக் கேட்கணும்? கலெக்டர் பேச்சை. ஊர்ல கலகம் வந்தா சென்னை கவர்னருக்கு பதில் சொல்ல வேண்டியவரும் கலெக்டர். அவரே மாஜிஸ்திரேட்டா உட்கார்ந்து, தனக்குத் தலைவலியா இருக்கிற ஆளை நடுநிலையா விசாரிக்கணும்! எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கே டெவலப்பர், டெஸ்டர், அட்மின் மூணு லாகினையும் கொடுத்தா ஆடிட்காரன் வந்து குதறி எடுத்துருவான். ஒரு மாவட்டத்துல இருந்த அத்தனை மனுஷங்க விதியும் அப்படி ஒரே லாகின்ல ஓடிக்கிட்டிருந்தது.

அப்புறம் 124ஏ ராஜத்துரோகம், 153ஏ வகுப்புப் பகை எல்லாம் சேர்த்து பெரிய வழக்காகி செஷன்ஸுக்குப் போச்சு. கூடுதல் செஷன்ஸ் ஜட்ஜ் ஏ. எஃப். பின்ஹே. 1908 ஜூலை 7ல தீர்ப்பு. சிவாவுக்குப் பத்து வருஷம் நாடு கடத்தல். வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்கு ஒரு ஆயுள், சிவாவுக்கு உடந்தையா இருந்ததுக்கு இன்னொரு ஆயுள். அந்தக் காலக் கணக்குல ஒரு ஆயுள்னா இருபது வருஷம், அதான் நாற்பது வருஷத் தண்டனைன்னு சொல்றது. மேடையில பேசினதுக்கு! தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில அவரோட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலையே பாதிச்சுருச்சு.

இங்க ஒரு வேடிக்கை நடந்தது. லண்டன்ல இந்தியா மந்திரியா இருந்த ஜான் மார்லி இந்தத் தண்டனைகளைக் கேள்விப்பட்டு ஆடிப் போயிட்டார். வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதின கடிதத்துல, தூத்துக்குடி-திருநெல்வேலி ஆட்களுக்குக் கொடுத்த தண்டனையை நியாயப்படுத்தவே முடியாதுங்கிற தொனியில கடுகடுன்னு எழுதினார். பின்னால அவர் தன் நினைவுக் குறிப்புகளை 1917ல புத்தகமாப் போட்டப்போ அதையும் சேர்த்து அச்சடிச்சார்.

இதைப் படிச்சதும் ஆஹா நல்ல மனுஷன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு மந்திரி, கோர்ட்டுத் தீர்ப்பு சரியில்லைன்னு இன்னொரு ஆட்சியாளருக்கு ரகசியமாக் கடிதம் எழுதுறார். அவர் சொன்னது நமக்குச் சாதகமா இருக்கிறதால இனிக்குது. இதே மார்லி தண்டனை போதாதுன்னு எழுதியிருந்தா? திருநெல்வேலி கோர்ட்டை பிரிட்டிஷ் அரசாங்கத்தோட ஒரு டிபார்ட்மென்ட்டா நினைச்சதாலதான் அவரால அப்படி எழுத முடிஞ்சுது. மாவட்ட ஜட்ஜுகளா பெரும்பாலும் ஐ.சி.எஸ். ஆட்களைத்தான் போட்டாங்க. கலெக்டரா வர்றவங்களும் அதே ஐ.சி.எஸ்.தான். ஒரே பரீட்சை, ஒரே கிளப், ஒரே பிரமோஷன் லிஸ்ட். அப்போ பின்ஹேவுக்குத் தனியா யாரும் போன் போட்டு மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ரெண்டு வாரம் கழிச்சு ஜூலை 22ல பம்பாயில திலகருக்கு ஆறு வருஷம் கொடுத்த நீதிபதி தாவர் ஐ.சி.எஸ். இல்லை, இந்தியர், வக்கீலா இருந்து ஜட்ஜ் ஆனவர். அதைவிட, 1897ல திலகர் மேல முதல் ராஜத்துரோக வழக்கு வந்தப்போ அவருக்காக ஜாமீன் கேட்டு நின்ன வக்கீலே இந்த தாவர்தான்! இதுக்கு அப்புறம் அவருக்கு சர் பட்டம் கிடைச்சுது. அதைக் கொண்டாட பம்பாய் வக்கீல்கள் விருந்து வெச்சப்போ, திலகருக்காக வாதாடின ஜின்னா அதுக்கு வர மறுத்துட்டார். ஆக நாற்காலியில உட்கார்றது வெள்ளைக்காரனா நம்மாளாங்கிறது மட்டுமே பிரச்சினை இல்லை.

வ.உ.சி. அப்பீல் போனார். 1908 நவம்பர்ல சென்னை ஹைகோர்ட்டுல தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டும் நீதிபதி மில்லரும் குற்றத்தை உறுதி பண்ணிட்டு தண்டனையை ஆறு வருஷமாக் குறைச்சாங்க. கோயம்புத்தூர், அப்புறம் கண்ணனூர். செக்கு எல்லாம் அப்பத்தான். 1912 டிசம்பர்ல வெளியே வந்தார்.

வெளியே வந்தப்போ கப்பல் இல்லை. கம்பெனியை 1911லயே இழுத்து மூடிட்டாங்க. சன்னதும் இல்லை.

*

சன்னதுன்னா என்னன்னு இப்போ இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கே எங்க தெருவுல இருந்த ஒரு தாத்தாதான் சொல்லித் தந்தார். ரொம்ப வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவர். நான் காலேஜ் லீவுல வந்திருந்தப்போ வ.உ.சி. பேச்சு வந்தது. "ஏல தம்பி, எல்லாவனும் செக்கு செக்குங்கான். செக்கு இழுத்தது நாலு வருசம். அதுக்குப் பொறவு சன்னது இல்லாம சோத்துக்கு அலைஞ்சாம் பாரு, அதை எவனாம் பேசுதானால? சன்னது போன வக்கீலுன்னா வண்டி மாடு செத்தவன் கெதிதாம்ல" அப்படின்னார். "அப்போ வேற வேலைக்குப் போயிருக்கலாமே தாத்தா"ன்னேன். ஒரு பார்வை பார்த்தார். அதோட விட்டுட்டேன் :-)

1879ல ஒரு சட்டம் போட்டாங்க, சட்டத்தொழில் செய்வோர் சட்டம்னு. அதுப்படி பிளீடரோட சர்டிபிகேட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கணும், டிவி லைசென்ஸ் மாதிரி. கிரிமினல் குற்றத்துல தண்டனை வாங்கினா ஹைகோர்ட் அவரை சஸ்பெண்ட் பண்ணலாம், நீக்கலாம். நடத்தைக் கோளாறுன்னு கோர்ட் முடிவு பண்ணினாப் போதும். ஆங்கில அரசாங்கத்துக்கு எதிரா மேடையில பேசினா அது நடத்தைக் கோளாறா? அப்போ ஆமா. ஒருத்தர் வக்கீலா இருக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற இடத்துல வக்கீல்களே கிடையாது. அந்த சட்டப்படி வக்கீல் கோர்ட்டோட ஒரு வகை வேலைக்காரன்.

இதை ஒரு அரசாங்கம் பயன்படுத்தணும்னு நினைச்சா ரொம்ப வசதி. ஜட்ஜை மாத்துறது சத்தம் போடும். பத்திரிகையில வரும். ஒரு பிளீடரோட சன்னது காலாவதியானா யாருக்குத் தெரியும்? எதிர்த்துக் கேஸ் போட ஆளில்லாமப் போயிட்டா ஜட்ஜ் எவ்வளவு நேர்மையானவரா இருந்து என்ன பிரயோஜனம். அவர் முன்னாடி கட்டே வராதே.

வ.உ.சி. திருநெல்வேலிக்குத் திரும்ப முடியலை. சென்னையில சின்னச் சின்ன வியாபாரம், அரிசி, நெய், மண்ணெண்ணெய்னு என்னென்னவோ பண்ணிப் பார்த்தார். ஒரு காலத்துல கப்பலுக்குப் பங்கு சேர்த்தவர். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்குன்னு சேர்த்துக் கொடுத்த பணம் காந்திகிட்ட இருந்தது. 347 ரூபாய் சொச்சம். அதுக்காக 1915, 16ல ரெண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கு. அந்தக் கடிதங்களைப் படிச்சா மனசு என்னவோ பண்ணும். மரியாதை குறையாம, தன்னோட கஷ்டத்தையும் மறைக்காம எழுதியிருப்பார். ஒரு வழியாப் பணம் வந்து சேர்ந்துச்சு.

அடுத்த கூத்து 1920. காந்தி ஒத்துழையாமைன்னு அறிவிக்கிறார். வக்கீல்கள் எல்லாம் கோர்ட்டைப் புறக்கணிக்கணும். சேலத்துல நல்லா சம்பாதிச்சுக்கிட்டிருந்த ராஜாஜி தொழிலை விடுறார். நேருவோட அப்பா மோதிலால் விடுறார். நாடு முழுக்க கோட்டைக் கழட்டுறாங்க. அப்போ நம்மாளு நிலைமையை நினைச்சுப் பாருங்க. போட்டுக்கிட்டிருந்த கோட்டைப் பிடுங்கி எட்டுப் பத்து வருஷம் ஆச்சு. கழட்ட என்ன இருக்கு? வ.உ.சி. ஒத்துழையாமையை ஏத்துக்கலை, காங்கிரஸை விட்டு விலகினார். கொள்கை அளவுல அவருக்குத் திலகர் வழிதான் சரின்னு பட்டுது, அது உண்மை. அதே சமயம், எல்லாத்தையும் இழந்தவன்கிட்ட வந்து எல்லாத்தையும் துறன்னு சொன்னா அவனுக்கு எப்படி இருக்கும்னும் கேட்கத் தோணுது. இதுக்காக அவரைக் குறை சொன்னவங்க அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு. சொல்றவங்க சன்னது பத்திரமா இருக்கு.

கடைசியில சன்னதைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது ஒரு வெள்ளைக்கார நீதிபதி. ஈ. எச். வாலஸ். ஜெயிலுக்குப் போன மனுஷன் தண்டனையை முடிச்சுட்டார், இனி தொழில் பண்ணட்டும்னு அவர் முடிவெடுத்தார். அந்த நன்றிக்கு வ.உ.சி. தன்னோட கடைசி மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வெச்சார். கேட்டா ஏதோ சிவன் பேர் மாதிரி இருக்கும். உள்ளுக்குள்ளே ஒரு ஆங்கில துரை ஒளிஞ்சிருக்கார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் ஓட்டினவர் வீட்டுல ஒரு வெள்ளைக்காரன் பேரு! எனக்கு வ.உ.சி.யை ரொம்பப் பிடிச்சுப் போனதே இதனாலதான். ஆள் பார்த்துப் பகை வெக்கலை.

அப்புறம் கோவில்பட்டியில வருஷக்கணக்கா வக்கீல் தொழில் பண்ணினார். கடைசியில தூத்துக்குடி. 1936 நவம்பர் 18ல காலமானார்.

*

அதே வருஷங்கள்ல நம்ம பக்கத்துல இன்னொரு வழக்கு. 1911 ஜூன் 17ல மணியாச்சி ஜங்ஷன்ல ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுட்டுத் தானும் சுட்டுக்கிட்டார். ஆஷ் அப்போ திருநெல்வேலி கலெக்டர். 1908ல தூத்துக்குடியில சப் கலெக்டரா இருந்து கப்பல் கம்பெனியைப் படாதபாடு படுத்தினவர். பதினாலு பேர் மேல சதி வழக்கு. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. சென்னை ஹைகோர்ட்டுல மூணு நீதிபதிகள் சிறப்பு அமர்வு. தலைமை நீதிபதி வைட், அய்லிங், சங்கரன் நாயர்.

ஒரு கலெக்டரையே சுட்டுக் கொன்னுட்டாங்க. வெள்ளைக்கார சர்க்கார் கொதிச்சுக்கிட்டிருக்கு. அந்த நேரத்துல அமர்வுல இருந்த ஒரே இந்தியர் சங்கரன் நாயர், மத்த ரெண்டு பேரோட ஒத்துப் போகாம தனியாத் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்புப்படி 1912 பிப்ரவரியில ஒன்பது பேருக்குத் தண்டனை, நீலகண்டருக்கு ஏழு வருஷம். நாயர் எழுதினது எண்ணிக்கையில தோத்துப் போச்சு. ஆனா எழுதினார்.

அந்த மனுஷன் பின்னால 1919ல ஜாலியன்வாலாபாக்கை எதிர்த்து வைஸ்ராய் கவுன்சில்லருந்து ராஜினாமா பண்ணினார். புத்தகத்துல பஞ்சாப் கவர்னரா இருந்த ஓட்வையரைக் குற்றம் சாட்டினதுக்கு லண்டன்ல அவதூறு வழக்கு, 1924ல. விசாரிச்ச நீதிபதி மக்கார்டி, கோர்ட்டுல வெச்சே டயர் செஞ்சது சரிதான்னு சொல்லிட்டார். அப்புறம் என்ன, நாயர் தோத்தார், 500 பவுண்டு அபராதம். 2025ல வந்த கேசரி சாப்டர் 2 படத்துல அவரே சர்க்காரைக் கூண்டுல ஏத்துற மாதிரி எடுத்திருக்காங்க. நிஜத்துல கூண்டுல நின்னது அவர்தான். சினிமாக்காரங்களுக்கு ஜெயிக்கிற வக்கீல்தான் வேணும்.

*

சரி, அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், இப்போ என்னங்கிறீங்களா?

கலெக்டர்-மாஜிஸ்திரேட் முடிச்சை அவிழ்க்கணும்னு அரசியல் சட்டம் 50வது பிரிவுல எழுதி வெச்சாங்க. நாடு முழுக்க அது முழுசா நடந்தது 1974 ஏப்ரல்லருந்து, புது நடைமுறைச் சட்டம் வந்த பிறகு. ஆனா வ.உ.சி.யைப் பிடிச்ச அந்த 107, 108 வகையறா மட்டும் நிர்வாக மாஜிஸ்திரேட்கிட்டயே தங்கிருச்சு. தமிழ்நாட்டுல ஒரு படி மேலே போய், போலீஸ் துணை கமிஷனர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்து அரசாணை போட்டாங்க. பிடிக்கிறதும் போலீஸ், விசாரிச்சு உள்ளே வெக்கிறதும் போலீஸ். 2023 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கே விரோதம்னு ரத்து பண்ணுச்சு. 1908லருந்து எண்ணிப் பாருங்க, நூத்திப் பதினஞ்சு வருஷம். 124ஏ கூட 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வெச்சு, 2024 ஜூலையில பழைய தண்டனைச் சட்டத்தோட போச்சு. புதுச் சட்டத்துல 152னு ஒண்ணு வந்து உட்கார்ந்திருக்கு. ராஜத்துரோகம்ங்கிற வார்த்தை இல்லை, அவ்வளவுதான்.

சன்னது விஷயத்துல மட்டும் உருப்படியான மாற்றம் வந்தது. 1926ல பார் கவுன்சில் சட்டம், அப்புறம் 1961ல வழக்கறிஞர் சட்டம். பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் அடுக்கெல்லாம் போய் எல்லாரும் அட்வகேட். பேரைச் சேர்க்கிறதும் நீக்குறதும் வக்கீல்களே தேர்ந்தெடுக்கிற பார் கவுன்சில் கையில. அந்த கவுன்சில்கள் லட்சணம் எப்படின்னு தெரிஞ்சவங்க சிரிக்கிறது கேட்குது. இருந்தாலும் கலெக்டர் கையில இல்லை பாருங்க.

ஜட்ஜுகளுக்கு இன்னும் இருக்கிற ஆயுதம் டிரான்ஸ்பர். எமர்ஜென்சியில 1976ல ஒரே மூச்சுல 16 ஹைகோர்ட் நீதிபதிகளைத் தூக்கியடிச்சாங்க. விசாரணை இல்லாம உள்ளே வெச்சவனுக்குக் கோர்ட்டுக்குப் போற உரிமை உண்டுன்னு அந்த வருஷம் உச்ச நீதிமன்றத்துல தனியா எழுதின எச். ஆர். கன்னாவுக்கு, 1977 ஜனவரியில தலைமை நீதிபதி பதவி தாண்டிப் போச்சு. நம்ம சென்னையில 2019ல தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமானியை மேகாலயாவுக்கு மாத்தினாங்க. அவர் ராஜினாமா பண்ணிட்டார். 2021ல சஞ்சிப் பானர்ஜியையும் அதே மேகாலயாவுக்கு. 75 நீதிபதி இடம் உள்ள கோர்ட்டுலருந்து நாலு பேருக்கு மேல இல்லாத கோர்ட்டுக்கு. அரசாங்கம் தனியாப் பண்ணலை, கொலீஜியம்தான் பரிந்துரை பண்ணுச்சு. அப்போ நீதிபதியோட சுதந்திரத்துக்கு நீதிபதிகள்கிட்டருந்தே பாதுகாப்பு வேணுமான்னு ஒரு கேள்வி வருது. சென்னை வக்கீல்கள் ரெண்டு தடவையும் இதைக் கேட்டாங்க.

வெளிநாட்டுக் கதை ஒண்ணு சொல்லணும், ஏன்னா அதுல நம்மாளு இருக்கார். நீதிபதிகள், வழக்கறிஞர்கள் சுதந்திரத்தைக் கண்காணிக்க ஐ.நா. 1994ல ஒரு சிறப்பு அதிகாரியை நியமிச்சுது. முதல்ல அந்தப் பொறுப்புக்கு வந்தவர் மலேசியத் தமிழர் பரம் குமாரசாமி. மலேசிய பார் கவுன்சில் தலைவரா இருந்தவர். தூக்குத் தண்டனைக் கைதி ஒருத்தனுக்காக மன்னிப்பு வாரியத்துக்கு வேண்டுகோள் விடுத்ததுக்காக அவர் மேல போட்ட வழக்கு என்ன தெரியுமா? ராஜத்துரோகம்! பிரிட்டிஷ்காரன் 1948ல அங்க விட்டுட்டுப் போன சட்டம். 1986ல விடுதலை ஆனார். ரெண்டு வருஷம் கழிச்சு அதே மலேசியாவுல பிரதமர் மகாதீர் காலத்துல தலைமை நீதிபதி சாலே அபாஸையே பதவிநீக்கம் பண்ணினாங்க.

ஐ.நா. பொறுப்புல இருந்தப்போ 1995ல பரம் ஒரு பேட்டி கொடுத்தார். மலேசியக் கோர்ட்டுகள்ல பெரிய கம்பெனிகளோட செல்வாக்கு பற்றின புகார்கள். உடனே கம்பெனிகள் அவதூறு வழக்கு போட்டுச்சு, மொத்தம் 11 கோடி டாலருக்கும் மேல. நீதிபதிகளோட சுதந்திரத்தைக் காப்பாத்த ஐ.நா. அனுப்பின ஆளுக்கே கோர்ட்டு நோட்டீஸ்! விஷயம் ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999 ஏப்ரல் 29ல 14க்கு 1னு அவருக்கு விலக்குரிமை உண்டுன்னு சொன்னாங்க. பிழைச்சார். வ.உ.சி.க்கு அப்படி ஒரு ஹேக் இல்லை.

இலங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிச்சா தனிப் பதிவு வேணும். 1983 ஜூன்ல அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வீட்டு முன்னாடி ரவுடிக் கூட்டம். 2000 ஜனவரி 5ல வழக்கறிஞர் குமார் பொன்னம்பலம் கொழும்புல சுட்டுக் கொல்லப்பட்டார். 2013ல தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவை நீக்கினாங்க. 2015ல திரும்பவும் உட்கார வெச்சாங்க, அவர் மறுநாளே ஓய்வு பெற்றார். 2023 செப்டம்பர்ல குருந்தூர்மலை வழக்கை விசாரிச்ச முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, உயிருக்கு அச்சுறுத்தல்னு எழுதிக் கொடுத்துட்டு நாட்டை விட்டே போயிட்டார்.

நம்ம வீட்டுக்கு வருவோம். 2009 பிப்ரவரி 19. அந்த இலங்கைப் பிரச்சினைக்காக வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்புல இருந்தாங்க. ரெண்டு நாள் முன்னாடி சுப்பிரமணியன் சுவாமி மேல கோர்ட் ஹாலுக்குள்ளயே முட்டை எறிஞ்சாங்க. அதைத் தொடர்ந்து போலீஸ் சென்னை ஹைகோர்ட் வளாகத்துக்குள்ள புகுந்து அடிச்ச அடி எல்லா டிவியிலயும் வந்துது. சமாதானம் பண்ணப் போன நீதிபதி ஆறுமுகப்பெருமாள் ஆதித்தனுக்கும் அடி. ஜட்ஜுக்கே அடின்னு எல்லாரும் கொதிச்சோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனா கண் முன்னாடி ஒரு கட்சிக்காரன் மேல முட்டை எறியிற கோர்ட்டுல ஜட்ஜ் எப்படி சுதந்திரமா இருக்க முடியும்னு அன்னிக்குக் கேட்டவங்க கம்மி.

கோயம்புத்தூர்ல இன்னொண்ணு நடந்தது. போலீஸுக்கும் வக்கீலுக்கும் தகராறு. குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரங்களுக்காக எங்க வக்கீல் எவரும் ஆஜராகக் கூடாதுன்னு அங்க சங்கம் தீர்மானம் போட்டுச்சு. வ.உ.சி. செக்கிழுத்த அதே ஊர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பர்ல, அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது, எப்படிப்பட்டவனா இருந்தாலும் கோர்ட்டுல அவனுக்காகப் பேச ஆள் இருக்கணும்னு சொன்னாங்க. தீர்ப்பு இந்தியா முழுக்கப் பொருந்தும். அப்புறமும் கொடூரமான கொலை ஏதாவது நடந்தா மறுநாள் பேப்பர்ல ஏதாவது ஒரு ஊர் வக்கீல் சங்கம் அதே தீர்மானத்தைப் போட்டிருக்கும். கீழே நாமளும் சபாஷ்னு எழுதியிருப்போம்.

1911ல கலெக்டரைக் கொன்ன வழக்குல எதிரிகளுக்காக ஆஜரான வக்கீல்கள்ல ஒருத்தர் த. பிரகாசம். சீமையிலருந்து பாரிஸ்டரா வந்து சில வருஷமே ஆன ஆள். 1946ல அவர் சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சரானார்.